ரியோ பிராங்கோ பிரபு

ரியோ பிராங்கோ பிரபு என்னும் பட்டப்பெயரால் அறியப்படும் ஜோசே மரியா ட சில்வா பரான்யோஸ் ஜூனியர் (ஏப்ரல் 20, 1845 - பெப்ரவரி 10, 1912) பிரேசில் நாட்டின் இராசதந்திரியும் வரலாற்றாய்வாளரும் ஆவார். 1902 முதல் 1912 இல் இறக்கும் வரை நான்கு குடியரசுத் தலைவர்களின் கீழ் தொடர்ச்சியாக அந்நாட்டின் வெளியுறவு அமைச்சராகப் பணியாற்றினார். தென் அமெரிக்காவில் பிரேசிலுக்கும் அதன் அண்டை நாடுகளுக்கும் இடையே நிலவிய எல்லைப் பிணக்குகளுள் பெரும்பாலானவை இவரது முயற்சியால் போரின்றித் தீர்க்கப்பட்டன. இவ்வாறு பிரேசிலுக்கு உரித்தானவையாக உறுதி செய்யப்பட்ட நிலப்பகுதிகளின் பரப்பளவு ஏறத்தாழ 9,00,000 சதுர கிலோமீட்டர் என மதிப்பிடப்படுகிறது. பிரேசில் மக்கள் இவரைப் பெயர் சொல்லாமல் பிரபு என்று மட்டுமே குறிப்பிடுவதுண்டு.

பின்னணி

தென் அமெரிக்கக் கண்டத்தின் ஏறக்குறைய பாதியை அடக்கிய பிரேசில், சிலி, எக்குவடோர் ஆகிய இரண்டு நாடுகள் தவிரக் கண்டத்தின் மற்றெல்லா நாடுகளுடனும் எல்லையைப் பகிர்ந்து கொள்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த அண்டை நாடுகளுடன் அதன் உறவு நல்லதாக இருக்கவில்லை. சுற்றியிருந்தவை பெரும்பாலும் எசுப்பானிய மொழி பேசும் குடியரசுகள். பிரேசிலோ போர்த்துக்கேய மொழி பேசும் பேரரசு. 1851 இலும் 1864 இலும் பிரேசில் படைகள் உருகுவேயினுள் நுழைந்தன. 1864 முதல் 1870 வரை ஆர்ஜென்டீனா, உருகுவே ஆகியவற்றுடன் கூட்டுச் சேர்ந்து பராகுவேயுடன் பிரேசில் நடத்திய போர், தென் அமெரிக்க வரலாற்றிலேயே மிகவும் குருதி சிந்திய போராகும். வடக்கிலும் மேற்கிலும் அமேசான் காடுகளினூடே செல்லும் எல்லை எங்கே இருக்கிறது என்பது எவருக்கும் திட்டவட்டமாகத் தெரியாது. போர்த்துக்கலும் எசுப்பானியாவும் 1750 இல் மத்ரித்திலும் 1777 இல் சான் இல்டெபோன்சோவிலும் செய்துகொண்ட உடன்படிக்கைகளில் குறிக்கப்பட்ட ஆறுகள் சிலவற்றை அவற்றை வரைந்தவர்கள் கண்ணால் கண்டதில்லை.

இளமைக் காலம்

பரான்யோஸ் அன்றைய தலைநகரான ரியோ டி ஜெனீரோவில் பிறந்தார். இவருடைய தந்தையாரின் பெயரும் ஜோசே மரியா ட சில்வா பரான்யோஸ் என்பதே. ரியோ பிராங்கோ விக்கவுன்ட் எனப் பட்டம் பெற்ற அவர் 1871 முதல் 1875 வரை பிரேசிலின் பிரதமராக இருந்தவர். அடிமைப் பெண்களுக்குப் பிறக்கும் குழந்தைகள் இனி அடிமைகள் அல்லர் என்று அறிவித்த 1871 ஆம் ஆண்டுச் சட்டம் அவரது ஆட்சியில் இயற்றப்பட்டதாகும்.

இளைய பரான்யோஸ் பெத்ரோ இரண்டாமவர் கல்லூரியிலும் பின்னர் சாவோ பாவுலோ, ரெசிஃபே ஆகிய இடங்களிலிருந்த சட்டக் கல்லூரிகளிலும் பயின்று 1866 இல் பட்டம் பெற்றார். சிறிது காலம் வரலாற்று ஆசிரியராகவும் அரசு வழக்குரைஞராகவும் இருந்தார். 1869 இல் மாத்தோ குரோசோ மாகாணத்தின் சார்பில் நாடாளுமன்ற உறுப்பினரானார். ஆனால் நாடாளுமன்றத்தைக் காட்டிலும் இவருக்குப் பயனுள்ள பள்ளியாக அமைந்தது தந்தையின் பயணங்களே. பராகுவே போர் முடிவுறும் காலத்தில் அமைதிப் பேச்சுக்காக பிளாட்டா ஆற்று நாடுகளுக்குச் சென்ற தந்தைக்கு இவர் செயலாளராகப் பணியாற்றினார். வென்ற நாடுகள் தோற்ற நாட்டின் நிலத்துக்காகத் தமக்குள் முரண்படுவதை அருகிலிருந்து கண்டார். தந்தையின் செல்வாக்கால் முன்னேறியவர் என்று அக்காலத்தில் இவரைக் குறை கூறியோர் பலர். அது முற்றிலும் தவறன்று.

லிவர்பூல் ஆண்டுகள்

மரீ இசுட்டீவன்சு என்னும் பெல்ஜிய நாட்டு நடிகையுடன் இவர் கொண்ட உறவு, அரசவையில் இவருக்குப் பெரும் தடையாக இருந்தது. திருமணம் செய்யாமலே அவருடன் குழந்தைகள் பெற்றவரைப் பேரரசர் இரண்டாம் பெத்ரோ வெளிநாட்டுப் பதவியில் அமர்த்த விரும்பவில்லை. 1876 இல் பேரரசர் வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தபோது ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்த இளவரசி இசபெல், இவரை இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் துணைத் தூதராக நியமித்தார். துறைமுக நகரில் சரக்குக் கணக்குப் பார்க்கும் இப்பணி பெரிய அரசியல் பதவி அன்று. எனினும் வருவாய் நன்றாக இருந்தது. ஓய்வும் மிகுதியாகக் கிடைத்தது. தம் வாழ்நாளின் அடுத்த கால் நூற்றாண்டை இவர் பெரும்பாலும் ஐரோப்பாவிலேயே கழித்தார்.

இந்த ஆண்டுகளில் இவர் செய்ததெல்லாம் படித்ததும் சேகரித்ததுமே. இலண்டன், பாரிசு, லிசுபன் நகரங்களின் ஆவணக் காப்பகங்களில் பழைய நிலப்படங்களையும் உடன்படிக்கைகளையும் தேடிப் படியெடுத்தார். பிரேசிலின் படைத்துறை வரலாற்றை எழுதுவதே இவரது நோக்கமாக இருந்தது. அந்நூல் எழுதப்படவே இல்லை. அதற்காகத் திரட்டிய குறிப்புகள் பின்னாளில் எல்லை வழக்குகளில் பயன்பட்டன. 1889 இல் பாரிசில் நடந்த உலகக் கண்காட்சியையொட்டிப் பிரேசில் வரலாற்றுச் சுருக்கம் ஒன்றைப் பிரெஞ்சு மொழியில் எழுதினார். 1888 இல் இவருக்குப் பிரபு பட்டம் வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு நவம்பர் 15 அன்று பேரரசு வீழ்ந்து குடியரசு ஏற்பட்டது. முடியாட்சியில் பற்றுக் கொண்டிருந்தபோதிலும் இவர் பதவி விலகவில்லை. குடியரசு பிரபுப் பட்டங்களை ஒழித்த பிறகு, பட்டத்தையே பெயர் போலாக்கி ரியோ பிராங்கோ என்று கையொப்பமிடத் தொடங்கினார்.

பால்மாஸ் வழக்கு

ஆர்ஜென்டீனாவில் மிசியோனெஸ் வழக்கு என்றும் பிரேசிலில் பால்மாஸ் வழக்கு என்றும் இப்பிணக்கு வழங்குகிறது. இரண்டு நாடுகளுக்கும் நடுவே 30,621 சதுர கிலோமீட்டர் நிலம் யாருக்கு என்பதே கேள்வி. 1750 ஆம் ஆண்டு உடன்படிக்கை பெப்பிரி-குவாசு என்னும் ஆற்றை எல்லையாகக் கூறியது. எந்த ஆறு பெப்பிரி-குவாசு என்பதில்தான் வேறுபாடு. பிரேசில் மேற்கிலுள்ள ஆற்றைக் காட்டியது. ஆர்ஜென்டீனா அதற்குக் கிழக்கே வெகு தொலைவிலுள்ள சப்பெக்கோவைக் காட்டியது. புதிய குடியரசு அரசு நல்லெண்ணத்தைக் காட்டும் வேகத்தில் 1890 இல் நிலத்தைப் பாதியாகப் பங்கிட உடன்பட்டது. பிரேசில் நாடாளுமன்றம் 1891 இல் அதனை நிராகரித்தது. எனவே வழக்கு, நடுவராக ஏற்கப்பட்ட ஐக்கிய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கிரோவர் கிளீவ்லாண்டிடம் சென்றது.

வழக்கை நடத்தவிருந்த பிரேசில் பிரதிநிதி 1893 இல் இறந்துபோகவே, அதுவரை பலருக்கும் அறிமுகமில்லாத ரியோ பிராங்கோ அவ்விடத்துக்கு அனுப்பப்பட்டார். எதிர்த்தரப்பில் வாதிட்டவர் ஆர்ஜென்டீனாவின் எஸ்தானிஸ்லாவோ செபாலோஸ். நடுவர் முன் நேரில் வாதம் செய்யும் வழக்கம் இல்லை; எழுத்து வடிவில் வாதங்களை அளிக்க வேண்டும். ரியோ பிராங்கோ பதினெட்டாம் நூற்றாண்டு நிலப்படங்களையும், உடன்படிக்கையைச் செய்தவர்கள் எந்தப் படத்தை முன்வைத்துப் பேசினார்கள் என்பதையும் அடிப்படையாகக் கொண்டு வாதிட்டார். நிலத்தில் குடியிருந்தோர் ஏறத்தாழ அனைவரும் பிரேசிலியர் என்பதையும் எடுத்துக் காட்டினார். பெப்ரவரி 5, 1895 அன்று கிளீவ்லாண்ட் முழு நிலமும் பிரேசிலுக்கே உரியது எனத் தீர்ப்பளித்தார். ஐம்பது வயதை நெருங்கிக் கொண்டிருந்த துணைத் தூதர் ஒரே நாளில் நாடறிந்தவரானார். செபாலோஸ் இத்தோல்வியை மறக்கவில்லை.

அமாப்பா வழக்கு

அடுத்த பிணக்கு பிரான்சுடன் ஏற்பட்டது. பிரெஞ்சுக் கயானாவுக்கும் பிரேசிலுக்கும் இடைப்பட்ட நிலத்தில் பொன் கண்டெடுக்கப்பட்டிருந்தது. 1895 மே மாதத்தில் அமாப்பா என்னும் ஊரில் பிரெஞ்சுப் படையினருக்கும் பிரேசிலியருக்கும் மோதல் நிகழ்ந்து உயிர்ச்சேதம் உண்டானது. 1713 ஆம் ஆண்டு உத்ரெக்ட் உடன்படிக்கை குறிப்பிடும் ஆறு ஓயாபோக்கா அல்லது அதற்குத் தெற்கே உள்ள அரகுவாரியா என்பதே இங்கும் வினா. 1897 இல் இரு நாடுகளும் சுவிட்சர்லாந்துக் கூட்டாட்சி அவையை நடுவராக ஏற்றன. ரியோ பிராங்கோ பல தொகுதிகள் கொண்ட வாதத்தை நிலப்படத் தொகுப்புடன் சமர்ப்பித்தார். பெலெம் நகர அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த சுவிட்சர்லாந்து இயற்கையியலாளர் எமில் கோயெல்டி இவருக்கு உதவினார். டிசம்பர் 1, 1900 அன்று தீர்ப்பு பிரேசிலுக்குச் சாதகமாக வந்தது. ஓயாபோக் ஆறு எல்லையானது. எதிரி இம்முறை ஓர் ஐரோப்பிய வல்லரசு என்பதால் பிரேசிலில் மகிழ்ச்சி கரைபுரண்டது.

அக்ரே

ரியோ பிராங்கோ பெர்லினில் தூதராக இருந்தபோது, குடியரசுத் தலைவராகத் தெரிவு செய்யப்பட்ட ரொட்ரிகெஸ் ஆல்வெஸ் இவரை வெளியுறவு அமைச்சராக அழைத்தார். 1902 டிசம்பரில் பதவியேற்ற இவரை எதிர்கொண்டது, காப்பகத்தில் தேடி வெல்ல முடியாத ஒரு சிக்கல். ஏனெனில் சட்டப்படி நியாயம் பிரேசிலின் பக்கம் இல்லை.

1867 ஆம் ஆண்டு அயக்குச்சோ உடன்படிக்கையின்படி அக்ரே ஆற்றுப் பகுதி பொலிவியாவுக்கு உரியது என்று பிரேசில் அரசுகளே ஏற்று வந்தன. ஆனால் அங்கே பொலிவியர் இல்லை. 1877 இல் பிரேசிலின் வடகிழக்கில் உண்டான கொடிய வறட்சிக்குப் பின் சியாரா மாகாணத்திலிருந்து பெருந்தொகையானோர் ஆறுகள் வழியே மேற்கே சென்று, இரப்பர் மரங்களில் பால் வடித்து வாழத் தொடங்கினர். மிதிவண்டிச் சக்கரங்களுக்கும் தானுந்துகளுக்கும் இரப்பர் தேவைப்பட்ட காலம் அது. 1899 இல் பொலிவியா புவெர்ட்டோ அலோன்சோவில் சுங்கச் சாவடி அமைத்து வரி தண்ட முற்பட்டதும் கலகம் மூண்டது. அவ்வாண்டு ஜூலை 14 இல் லூயிஸ் கால்வெஸ் என்னும் எசுப்பானியர் அக்ரேயைத் தனி நாடாக அறிவித்தார். அந்நாடு சில மாதங்களே நிலைத்தது.

தன்னால் ஆள முடியாத நிலத்தைப் பொலிவியா 1901 இல் ஆங்கில, அமெரிக்க முதலாளிகளின் நிறுவனம் ஒன்றுக்குக் குத்தகைக்கு விட்டது. பொலிவிய சிண்டிக்கேட் எனப்பட்ட இந்நிறுவனத்துக்கு வரி தண்டவும் காவற்படை வைத்திருக்கவும் உரிமை கொடுக்கப்பட்டது. ஆப்பிரிக்காவைப் பங்கிட்ட பட்டயக் கம்பெனிகளின் முறை தென் அமெரிக்காவுக்கும் வந்துவிட்டது என்ற அச்சம் பிரேசிலில் எழுந்தது. ஆகத்து 1902 இல் பிளாசிடோ டி காஸ்ட்ரோ என்பவரின் தலைமையில் இரப்பர்த் தொழிலாளர்கள் மீண்டும் கிளர்ந்தெழுந்து, 1903 ஜனவரியில் புவெர்ட்டோ அலோன்சோவைக் கைப்பற்றினர். பொலிவியக் குடியரசுத் தலைவரான தளபதி பாண்டோ தாமே படையுடன் புறப்பட்டார்.

ரியோ பிராங்கோ மூன்று வழிகளில் செயல்பட்டார். முதலாவதாக, 1867 உடன்படிக்கைக்குப் புதிய பொருள் கூறி, தெற்கு அகலக்கோடு 10 பாகை 20 கலைக்கு வடக்கேயுள்ள நிலம் பிணக்குக்கு உட்பட்டது என அறிவித்துப் படையை அனுப்பினார். இரண்டாவதாக, 1,10,000 பவுண்டு கொடுத்து சிண்டிக்கேட் தன் உரிமைகளைக் கைவிடச் செய்தார். இதனால் வல்லரசுகள் தலையிடக் காரணம் இல்லாமற் போயிற்று. இந்த இரண்டும் முடிந்த பின்னரே மூன்றாவதாகப் பொலிவியாவுடன் பேச அமர்ந்தார். படை அருகில் நிற்க நடந்த பேச்சு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பொலிவியா வெறுங்கையுடன் அனுப்பப்படவில்லை. நவம்பர் 17, 1903 இல் கையெழுத்தான பெத்ரோப்பொலிஸ் உடன்படிக்கையின்படி, ஏறத்தாழ 1,91,000 சதுர கிலோமீட்டர் நிலம் பிரேசிலுக்கு வந்தது. மாற்றாகப் பிரேசில் 20 இலட்சம் பவுண்டு பணமும், எல்லையோரத்தில் சுமார் 3,000 சதுர கிலோமீட்டர் நிலமும் கொடுத்தது. கடல் வாயிலற்ற பொலிவியாவின் விளைபொருட்கள் அமேசான் வழியே அத்திலாந்திக் கடலை அடைய, மதெய்ரா ஆற்றின் அருவிகளைச் சுற்றிச் செல்லும் இருப்புப்பாதை ஒன்றை அமைக்கவும் உடன்பட்டது.

பிரேசிலில் இதற்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. பேச்சுக் குழுவில் இருந்த புகழ்பெற்ற சட்ட அறிஞர் ரூயி பார்போசா, விட்டுக்கொடுத்தது மிகுதி என்று கருதிக் குழுவிலிருந்து விலகினார். ரியோ பிராங்கோவின் நிலைப்பாடு வேறு. வழக்கை மீண்டும் நடுவரிடம் கொண்டு சென்றிருந்தால், அங்கு குடியிருந்த ஆயிரக்கணக்கான பிரேசிலியர் பொலிவியாவின் கீழ் சென்றிருப்பர் என்பதை அவர் அறிந்திருந்தார். பால்மாசிலும் அமாப்பாவிலும் நடுவர் தீர்ப்பால் வென்றவரே இங்கு நடுவரைத் தவிர்த்தது குறிப்பிடத்தக்கது. 1904 இல் கயானா எல்லை வழக்கில் இத்தாலிய மன்னர் பிரித்தானியாவுக்குக் கூடுதல் பங்கு கொடுத்ததும், பிறர் தீர்ப்பில் அவருக்கு இருந்த நம்பிக்கை மேலும் குறைந்தது. பின்னர் வந்த பிணக்குகளில் நேரடிப் பேச்சையே நாடினார்.

வாக்களித்த மதெய்ரா-மமோரே இருப்புப்பாதை 366 கிலோமீட்டர் நீளத்தில் 1912 இல் கட்டி முடிக்கப்பட்டது. மலேரியாவாலும் பிற நோய்களாலும் அதில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் மாண்டனர். அது திறக்கப்பட்ட காலத்தில் ஆசியத் தோட்டங்களின் இரப்பர் சந்தைக்கு வந்து விலை வீழ்ந்துகொண்டிருந்தது. 1972 இல் பாதை மூடப்பட்டது. பொலிவியாவில் அக்ரேயின் இழப்பு இன்றும் ஒரு மனக்குறையாகவே உள்ளது. ஒரு குதிரைக்காக நிலம் விற்கப்பட்டது என்றொரு கதை அங்கே வழங்குகிறது. 1867 இல் ஆட்சியிலிருந்த மெல்கரேகோவைப் பற்றிய அக்கதைக்கு வரலாற்றுச் சான்று இல்லை.

பெருவும் ஏனைய எல்லைகளும்

பொலிவியாவிடமிருந்து பெற்ற நிலத்துக்குப் பெருவும் உரிமை கோரியது. பெருவின் கோரிக்கை 4,42,000 சதுர கிலோமீட்டர் அளவுக்கு விரிந்திருந்தது. 1904 இல் ஜுருவா, புருஸ் ஆறுகளின் மேற்பகுதியில் இருதரப்புக்கும் மோதல்கள் நிகழ்ந்தன. அவ்வாண்டு ஜூலையில் இடைக்கால உடன்பாடு எட்டப்பட்டு, ஆறுகளை ஆராயக் கூட்டுக் குழுக்கள் அனுப்பப்பட்டன. புருஸ் ஆற்றுக் குழுவின் பிரேசில் தலைவராக எழுத்தாளர் யூக்ளிடெஸ் ட குன்யா சென்றார். செப்டம்பர் 8, 1909 உடன்படிக்கையில் சுமார் 4,03,000 சதுர கிலோமீட்டர் பிரேசிலுக்கும் எஞ்சிய 39,000 பெருவுக்கும் சென்றன. எந்த நாட்டினர் எங்கே குடியேறியிருந்தனர் என்பதே அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. அக்காடுகளில் நெடுங்காலமாக வாழ்ந்து வந்த பழங்குடியினர் குடியேறியவர்களாகக் கணக்கிடப்படவில்லை. எந்தப் பேச்சுவார்த்தையிலும் அவர்கள் கேட்கப்படவுமில்லை. டச்சுக் கயானாவுடன் 1906 இலும் கொலம்பியாவுடன் 1907 இலும் எல்லை உடன்படிக்கைகள் ஏற்பட்டன.

உருகுவேயுடன் செய்துகொண்ட உடன்படிக்கை இவற்றிலிருந்து வேறுபட்டது. 1851 முதல் மிரிம் ஏரியிலும் ஜகுவராவோ ஆற்றிலும் கப்பல் செலுத்தும் உரிமை பிரேசிலுக்கு மட்டுமே இருந்தது. கரையில் வாழும் உருகுவே மக்கள் தம் வீட்டு வாசலில் உள்ள நீரில் உரிமையின்றி இருந்தனர். அக்டோபர் 30, 1909 இல் ரியோ பிராங்கோ எந்த மாற்றும் கேட்காமல் அந்நீரில் பாதியை உருகுவேக்கு விட்டுக் கொடுத்தார். வலிமை மிக்க நாடு வலிமை குன்றிய அண்டை நாட்டுக்குக் கேளாமலே கொடுத்தது அக்காலத்தில் அரிதான செயலாகும். அதே சமயம் பிளாட்டா ஆற்றின் நீர்ப்பரப்பு முழுவதும் தன்னுடையதே என ஆர்ஜென்டீனா உருகுவேயுடன் பிணங்கிக் கொண்டிருந்த நேரம் அது என்பதையும் கருத்திற் கொள்ள வேண்டும்.

ஆர்ஜென்டீனாவுடன் போட்டி

ஐரோப்பாவை நோக்கியிருந்த பிரேசிலின் பார்வையை ரியோ பிராங்கோ வாசிங்டன் பக்கம் திருப்பினார். 1905 இல் அங்கிருந்த தூதுக்குழு முழுத் தூதரகமாக உயர்த்தப்பட்டு, ஜோக்கிம் நபுக்கோ முதல் தூதராக அனுப்பப்பட்டார். 1906 இல் மூன்றாவது அனைத்து அமெரிக்க மாநாடு ரியோ டி ஜெனீரோவில் நடைபெற்றது. பிரேசில் புதிய போர்க்கப்பல்களையும் பிரித்தானியக் கப்பல் தளங்களில் கட்டச் செய்தது. இவை அனைத்தையும் புவெனஸ் ஐரிஸ் ஐயத்துடன் நோக்கியது.

1906 இல் ஆர்ஜென்டீனாவின் வெளியுறவு அமைச்சரானவர் வேறு யாருமல்லர், பால்மாஸ் வழக்கில் தோற்ற செபாலோஸ்தான். கப்பல்கள் வந்து சேருமுன் பிரேசிலை அச்சுறுத்திப் பணிய வைக்க வேண்டும் என்பது அவரது திட்டமாக இருந்தது. அது வெளியானதும் 1908 இல் அவர் பதவி விலக நேர்ந்தது. அதே ஆண்டில், சாந்தியாகோவிலிருந்த பிரேசில் தூதுக்குழுவுக்கு ரியோ பிராங்கோ மறைகுறியீட்டில் அனுப்பிய 9 ஆம் எண் தந்தி, ஆர்ஜென்டீனாவுக்கு எதிரான சூழ்ச்சியைக் காட்டுவதாகச் செய்தி பரப்பப்பட்டது. ரியோ பிராங்கோ செய்தது எவரும் எதிர்பாராதது. தந்தியின் உண்மை வாசகத்தை மட்டுமன்றி அதைப் படிக்க உதவும் மறைகுறியீட்டையுமே வெளியிட்டார். பரப்பப்பட்ட வாசகம் திரிக்கப்பட்டது என்பது எவரும் சரிபார்க்கத்தக்கதாயிற்று. ஒரு மறைகுறியீட்டை இழந்து ஒரு போர் அபாயத்தைத் தவிர்த்தார் எனலாம்.

1909 இல் ஆர்ஜென்டீனா, பிரேசில், சிலி மூன்றும் நட்புறவு உடன்படிக்கை செய்துகொள்வதற்கான வரைவை இவரே எழுதினார். அடுத்த ஆண்டு ஆர்ஜென்டீனாவின் குடியரசுத் தலைவராகத் தெரிவு செய்யப்பட்ட ரோக்கே சாயென்ஸ் பெனியா ரியோவுக்கு வந்து நல்லுறவை மீட்டார். இவர் ஆதரித்த கப்பற்படையோ 1910 நவம்பரில் வேறு வகையில் திரும்பியது. கசையடித் தண்டனையை எதிர்த்துக் கலகம் செய்த மாலுமிகள், புத்தம்புதிய மினாஸ் ஜெராயெஸ் கப்பலின் பீரங்கிகளைத் தலைநகரை நோக்கித் திருப்பினர்.

இறுதிக் காலம்

1909 இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு இவருடைய பெயர் பேசப்பட்டபோது இவர் இணங்கவில்லை. வெளியுறவு அமைச்சு இயங்கிய இட்டமராட்டி மாளிகையிலேயே தங்கி, நிலப்படங்களும் நூல்களும் குவிந்த மேசைகளுக்கு நடுவே உண்டு உறங்கி வேலை செய்து வந்தார். 1912 ஜனவரியில் கூட்டாட்சிப் படைகள் உள்நாட்டு அரசியல் பூசலில் சல்வதோர் நகரைப் பீரங்கியால் தாக்கியது இவரைப் பெரிதும் வருத்தியது. சிறுநீரக நோயால் நலிவுற்றிருந்த இவர் பெப்ரவரி 10 அன்று அம்மாளிகையிலேயே காலமானார். ரியோவில் தந்தையின் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

கார்னிவல் திருவிழாவுக்குச் சில நாட்களே இருந்தன. துக்கத்தை முன்னிட்டு அரசு விழாவை ஏப்ரல் மாதத்துக்கு ஒத்திவைத்தது. ரியோ மக்கள் பெப்ரவரியிலும் கொண்டாடினர், ஏப்ரலிலும் கொண்டாடினர்.

இவர் வரைந்த முந்நாட்டு உடன்படிக்கை மே 25, 1915 இல் திருத்தப்பட்ட வடிவில் கையெழுத்தானது. ஆர்ஜென்டீனா நாடாளுமன்றம் அதை ஏற்காததால் நடைமுறைக்கு வரவில்லை. அக்ரேயின் தலைநகரத்துக்கும், ரியோ டி ஜெனீரோவின் முதன்மையான பெருந்தெருவுக்கும் 1912 இல் இவர் பெயர் சூட்டப்பட்டது. பிரேசிலின் இராசதந்திரிகளைப் பயிற்றுவிக்கும் ரியோ பிராங்கோ நிறுவனம் 1945 இல், இவரது நூற்றாண்டில் தொடங்கப்பட்டது. இவர் பிறந்த ஏப்ரல் 20 பிரேசிலில் இராசதந்திரிகள் நாளாகக் கொள்ளப்படுகிறது. 1978 இல் வெளியான 1,000 குருசேய்ரோ பணத்தாளில் இவருடைய உருவம் இடம்பெற்றது. அதனால் அந்தத் தாளையே பிரபு என்று அழைப்பது பேச்சுவழக்காயிற்று.